குட்டைக் குழலுக்குள் இரண்டு வழிகள்: மார்க் 18, எச்கே 416

அமெரிக்கக் கடற்படையின் அதிரடிப் படையினர் ஏந்திய மார்க் 18 கார்பைனின் குழல் 10.3 அங்குலம். ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் செய்த எச்கே 416-இன் குட்டை வடிவத்துக்குக் குழல் 10.4 அங்குலம். இரண்டும் சுடுவது 5.56 மிமீ நேட்டோ தோட்டா. ஒன்றின் மேகசின் மற்றதில் பொருந்தும். விசை, பிடி, பாதுகாப்புப் பொத்தான் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். ஒன்றில் பழகியவர் கண்ணை மூடிக்கொண்டு மற்றதை இயக்கலாம். ஆனால் சுட்டபின் வெடிமருந்தின் வாயு செல்லும் வழி இரண்டிலும் வேறு. ஒன்றில் அது துப்பாக்கியின் வயிற்றுக்குள் போகிறது, மற்றதில் முன்பிடிக்குள்ளேயே ஒரு பிஸ்டனைத் தள்ளி வேலையை முடித்துக்கொண்டு வெளியேறுகிறது. குழல் இவ்வளவு குட்டையாக இருக்கும்போது எந்த வழி மேல் என்ற கேள்விக்கு இராணுவங்கள் இன்றுவரை ஒரே பதில் சொல்லவில்லை. அந்தப் பிளவுக்கு இயற்பியலிலும் காரணம் உண்டு, கிடங்குக் கணக்கிலும் காரணம் உண்டு.

முதலில் மார்க் 18-இன் மூதாதையைப் பார்க்க வேண்டும். 1950-களில் கலிஃபோர்னியாவில் ஆர்மலைட் என்ற சிறு நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் ரைபிள் வடிவமைத்தபோது அவருடைய முதல் குறிக்கோள் எடையைக் குறைப்பது. அன்றைய ரைபிள்களில் குழலுக்கு மேலோ கீழோ பிஸ்டனும் இரும்புத் தண்டும் ஓடின. ஸ்டோனர் அவற்றை எடுத்துவிட்டு, மெல்லிய எஃகுக் குழாய் ஒன்றை மட்டும் வைத்தார். குழலில் போட்ட சிறு துளை வழியே வாயு அந்தக் குழாயில் ஏறி, பின்னால் வந்து, போல்ட்டைச் சுமக்கும் கேரியருக்குள் நுழையும். கேரியருக்கும் போல்ட்டுக்கும் இடையிலுள்ள சிறு அறையில் அது விரிந்து கேரியரைப் பின்னே தள்ளும். கேரியர் நகர, போல்ட் திரும்பிப் பூட்டு விடும். 1956-இல் விண்ணப்பித்த இந்த வடிவத்துக்கு 1960-இல் காப்புரிமை கிடைத்தது.

இதை எல்லோரும் நேரடி வாயு முறை என்கிறார்கள். ஆனால் ஸ்வீடனின் 1942-ஆம் ஆண்டு யுங்மன் ரைபிளிலும் பிரான்சின் மாஸ் 49-இலும் இருந்தது வேறு. அவற்றில் வாயு கேரியரின் முகத்தில் நேராக மோதித் தள்ளியது. ஸ்டோனர் துப்பாக்கியில் போல்ட்டின் வால்தான் பிஸ்டன். அதைச் சுற்றி மூன்று வளையங்கள் வாயுவை அடைத்து நிற்கின்றன. ஆகவே தள்ளுவிசை குழலின் நேர்கோட்டிலேயே விழுகிறது, மேலேயோ பக்கத்திலோ இழுப்பு இல்லை. இன்னொரு நயமும் இதில் உண்டு. அதே வாயு போல்ட்டை முன்பக்கம் அழுத்துவதால், பூட்டுப் பற்கள் திரும்பும் நேரத்தில் அவற்றின் மேலுள்ள சுமை குறைகிறது. இத்தனை குறைந்த உறுப்புகளைக் கொண்டு இத்தனை வேலை வாங்கிய வடிவங்கள் துப்பாக்கி வரலாற்றில் அதிகம் இல்லை என்பது என் கருத்து.

ஆனால் அந்த நயமெல்லாம் 20 அங்குலக் குழலை மனத்தில் வைத்துக் கணக்கிட்டவை. ஸ்டோனர் வடிவத்திலிருந்து வந்த எம்16-இல் வாயுத் துளை குழலின் பின்முனையிலிருந்து சுமார் 33 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதைத் தாண்டிக் குண்டு ஓட இன்னும் 18 சென்டிமீட்டர் குழல் இருக்கிறது. குண்டு துளையைக் கடந்ததிலிருந்து குழல் வாயை விட்டு வெளியேறும் வரைதான் துளைக்கு அழுத்தம் கிடைக்கும். வெளியேறியதும் வாயு முழுக்க முன்பக்கமாகப் பாய்ந்துவிடும். 1994-இல் அமெரிக்க இராணுவம் ஏற்ற எம்4-இல் குழல் 14.5 அங்குலமாகச் சுருங்கியது, துளையும் பின்னே நகர்ந்து சுமார் 20 சென்டிமீட்டரில் நின்றது. எஞ்சிய தூரம் ஏறக்குறைய அதே 17 சென்டிமீட்டர். ஆனால் துளை பின்னே வந்த இடத்தில் வாயுவின் அழுத்தமும் வெப்பமும் மிக அதிகம். எம்4 கடுமையாக இயங்குவதன் தொடக்கம் இதுதான்.

மார்க் 18 அதே துளையை அதே இடத்தில் வைத்துக்கொண்டு குழலை மட்டும் 10.3 அங்குலத்துக்கு வெட்டியது. துளைக்கு அப்பால் எஞ்சியது சுமார் ஆறரை சென்டிமீட்டர். குண்டின் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால், துளைக்கு அழுத்தம் கிடைக்கும் நேரம் ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எம்4-க்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை. அழுத்தம் உச்சத்தில், நேரமோ மிகச் சொற்பம். பிஸ்டனா குழாயா என்ற கேள்வி குட்டைத் துப்பாக்கியில் கூர்மையாவது இந்த இடத்தில்தான்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. வியட்நாம் போரில் எம்16-ஐக் குறுக்கி எக்ஸ்எம்177 செய்தபோது, 10 அங்குலக் குழலின் வாயில் சுமார் நாலேகால் அங்குல நீள உருளை ஒன்றை மாட்டினார்கள். வெடிச்சத்தத்தையும் நெருப்பையும் குறைப்பது அதன் வெளிப்படையான வேலை. வாயுவைச் சற்று அடைத்துப் பின்னழுத்தம் தந்து துப்பாக்கி ஒழுங்காக இயங்க வைத்ததும் அதுதான். சோவியத் பொறியாளர்கள் ஏகேஎஸ்-74யூ செய்தபோது குழலை 206 மில்லிமீட்டருக்குக் குறைத்தார்கள். அது பிஸ்டன் கேரியரோடு ஒன்றாகவே ஓடும் நீண்ட பிஸ்டன் வகை. அதன் குழல் வாயிலும் ஒரு விரிவறையை மாட்டித்தான் துப்பாக்கியை இயக்க வேண்டியிருந்தது. பகைநாடுகளின் பொறியாளர்கள் ஒருவரையொருவர் கேட்காமலே ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். பிஸ்டன் வைத்துவிட்டால் குட்டைக் குழலின் தொல்லை தீர்ந்துவிடும் என்பவர்கள் இந்தக் கார்பைனை மறந்துவிடுகிறார்கள். நேரம் போதாத குறை இரண்டு முறைக்கும் பொது.

இண்டியானா மாநிலத்தில் கிரேன் என்ற ஊரிலுள்ள கடற்படை ஆயுத மையம் மார்க் 18-ஐ எப்படிச் சமாளித்தது? நேரம் குறைவென்றால் அந்த நேரத்துக்குள் அதிக வாயு புக வேண்டும். எனவே துளையைப் பெரிதாக்கினார்கள். எம்4-இல் 0.062 அங்குலமாக இருந்தது 0.070 ஆயிற்று. துப்பாக்கி இயங்கியது, ஆனால் அதற்கு விலை இருந்தது. கேரியர் அதிவேகமாகப் பின்னே பாயும். குழலின் அறையில் உப்பி ஒட்டிய பித்தளை உறை இன்னும் தளராத நேரத்திலேயே கொக்கி அதை இழுக்கத் தொடங்கும். கொக்கி வழுக்கினால் உறை உள்ளேயே தங்கிவிடும். அதனால் கொக்கியின் ஸ்பிரிங்கைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டு அதன் பிடியை இறுக்கினார்கள். பின்கட்டைக்குள் ஓடும் பஃபரின் எடையைக் கூட்டி வேகத்தைத் தணித்தார்கள். இத்தனைக்குப் பிறகும் போல்ட்டின் ஆயுள் நீண்ட குழல் துப்பாக்கியை விடக் குறைவு. பற்களின் அடியிலும் போல்ட்டின் நடுவே அதைத் திருப்பும் ஊசி செல்லும் துளையருகிலும் விரிசல் விழும். படைக்கலப் பொறுப்பாளர்கள் அதை எதிர்பார்த்து முன்கூட்டியே மாற்றுகிறார்கள்.

அதிகம் சுட்ட மார்க் 18-ஐத் திறந்து போல்ட்டை வெளியே எடுத்தால் இந்த வழியின் இயல்பு கையில் தெரியும். கேரியர் சுடச்சுட இருக்கும். போல்ட்டின் வால்பகுதியில் கரி கட்டியாகப் படிந்திருக்கும், சுரண்டினால்தான் வரும். எண்ணெய் பூசிய இடங்களில் அது கறுத்துக் குழம்பாகியிருக்கும். எண்ணெய் காய்ந்த இடத்தில் உலோகம் வறண்டு மங்கியிருக்கும். அழுக்கு இந்தத் துப்பாக்கியை எளிதில் நிறுத்துவதில்லை, வறட்சி நிறுத்தும். ஈரம் இருக்கும்வரை கரியோடும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே இதைக் கையாளும் படைகளில் அடிக்கடி துடைப்பதை விட அடிக்கடி எண்ணெய் விடுவதுதான் முக்கியமான பழக்கம்.

எச்கே 416-ஐத் திறந்தால் காட்சி தலைகீழ். போல்ட் ஏறக்குறைய சுத்தமாக இருக்கும், கையால் தொடலாம். ஆனால் முன்பிடியைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்டனின் முகத்திலும் அது ஓடும் சிறு உருளையிலும் அதே கரி கெட்டியாக ஒட்டியிருக்கும். சூடும் அங்கேதான். வாயு எங்கே வேலை செய்கிறதோ அங்கேதான் அழுக்கும் வெப்பமும் தங்கும். பிஸ்டன் அவற்றை ஒழிக்கவில்லை, அதிகம் தீங்கு செய்யாத இடத்துக்கு மாற்றிவிட்டது. எண்ணெய் தேவைப்படும் உறுப்புகளிலிருந்து அவை விலகிப்போனதே பெரிய லாபம். நூற்றுக்கணக்கில் சுட்ட பிறகும் போல்ட்டில் எண்ணெய் எரியாமல் நிற்கிறது.

இந்தப் பிஸ்டன் வந்த கதை சுவையானது. 1959-இல் ஸ்டோனர் வடிவமான ஏஆர்-15-இன் உரிமையைக் கோல்ட் நிறுவனத்துக்கு விற்றபின், ஸ்டோனரின் வாயு முறையை ஆர்மலைட்டே பயன்படுத்த முடியாத நிலை. ஆகவே 1960-களில் அந்நிறுவனம் ஏஆர்-18 என்ற ரைபிளுக்குக் குறும்பிஸ்டனை வைத்தது. வாயு ஒரு சிறு பிஸ்டனைக் கொஞ்ச தூரம் மட்டும் தள்ளும், தண்டு கேரியரை அடித்துவிட்டு நின்றுவிடும். அந்த ரைபிள் சந்தையில் வெற்றி பெறவில்லை. அதன் வாயு அமைப்பு பிரிட்டனின் எஸ்ஏ80-க்கும் ஜெர்மனியின் ஜி36-க்கும் போயிற்று. ஜி36-இலிருந்து எச்கே 416-க்கு வந்தது. ஒரே நிறுவனத்தில் பிறந்த இரண்டு வழிகள் இப்படி அரை நூற்றாண்டு கழித்து ஒரே உருவத் துப்பாக்கியில் எதிரெதிரே நின்றன. முதலில் அதற்கு எச்கே எம்4 என்று பெயர் வைத்தார்கள். கோல்ட் வழக்குத் தொடுக்க, பெயர் மாறியது.

எச்கே 416-ஐ உருவாக்கத் தூண்டியது அமெரிக்காவின் டெல்டா படை. அவர்களுடைய தேவை தெளிவானது: குட்டைக் குழல், எப்போதும் சைலன்சர், தொடர்ந்து சுடுதல். மூன்றும் சேரும்போது நேரடி வாயு முறை திணறுகிறது. சைலன்சர் வாயுவைத் தடுத்து வைப்பதால், குண்டு போன பிறகும் குழலில் அழுத்தம் நீடிக்கிறது. துளை வழியே இன்னும் வாயு உள்ளே புகுந்து, கேரியரின் வேகம் ஏறுகிறது. மிச்ச வாயு, கேரியரைப் பின்னே இழுக்கும் கைப்பிடியின் இடுக்கு வழியாகச் சுடுபவரின் கண்ணிலும் மூக்கிலும் பாய்கிறது. கண்ணீரோடு குறி பார்ப்பது எவ்வளவு அபாயம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிஸ்டன் துப்பாக்கியில் வாயுவைக் குறைத்து எடுக்கும் சீராக்கி வைக்கலாம். எச்கே 416-இன் ஏ5 வடிவத்தில் கருவி இல்லாமலே கையால் அதைத் திருப்ப முடியும். ஆனாலும் சைலன்சரில் சிக்கிய வாயுவில் ஒரு பங்கு குழலின் வழியாகவே திரும்பி வரும். அதை எந்தப் பிஸ்டனும் தடுக்க முடியாது. பிஸ்டன் துப்பாக்கியில் முகத்துக்கு வாயுவே வராது என்று விற்பவர்கள் சொல்வது மிகை.

தண்ணீர் இன்னொரு சோதனை. கடலிலிருந்து எழுந்தவுடன் சுட வேண்டிய வீரர்களுக்கு, குழலிலும் வாயு வழியிலும் நிற்கும் நீர் உயிருக்கே ஆபத்தாகலாம். எச்கே 416-இல் அந்தச் சூழலை முன்கூட்டியே கணக்கிலெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மார்க் 18-ஐ ஏந்தியவர்கள் நீரை வடித்துவிட்டுச் சுடப் பழகியவர்கள். ஆபத்தான நொடியில் ஒரு பழக்கத்தையாவது குறைத்துத் தருகிற வடிவம் மேலானது என்பதால், இந்த ஒரு கட்டத்தில் நான் தயங்காமல் எச்கே 416-இன் பக்கம் நிற்பேன்.

இனி பிஸ்டனின் குறை. தண்டு கேரியரை அதன் உச்சியில் அடிக்கிறது. உயரமான பீரோவின் தலையில் கைவைத்துத் தள்ளினால் அது நகர்வதற்கு முன் சாயப் பார்ப்பது போல, கேரியரின் பின்பகுதி கீழே அழுந்துகிறது. ஸ்டோனரின் வடிவத்தில் கேரியர் பின்கட்டைக்குள்ளிருக்கும் குழாயில் ஓடுவதால், அந்தக் குழாயின் அடிவிளிம்பில் உரசல் விழும். பழைய ஏஆர் துப்பாக்கியில் பிஸ்டனை ஒட்டுப்போட்டுப் பொருத்தியவற்றில் இந்தத் தழும்பு பளிச்சென்று தெரியும். பின்னால் வந்தவர்கள் கேரியரின் அடிவிளிம்பைச் செதுக்கியும் அகலப்படுத்தியும் இதைக் குறைத்தார்கள். தவிர, ஸ்டோனர் முறையில் வாயுவே போல்ட்டை முன்தள்ளிப் பற்களின் சுமையைக் குறைக்கும் வசதி பிஸ்டனில் இல்லை. எடையும் முன்பக்கம் கூடுகிறது. 10 அங்குலக் குழலில் அது பொறுத்துக்கொள்ளக் கூடியதே.

குறிதுல்லியத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அறைக்குள்ளும் தெருவிலும் பயன்படும் ஆயுதத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத் தக்கதல்ல. குட்டைக் குழலில் 5.56 மிமீ குண்டின் வேகம் நன்றாகக் குறைகிறது, அதனால் அதன் எட்டுதூரமும் குறைகிறது. வாயு முறையை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

பிஸ்டனுக்கு ஆதரவாகப் பலர் எடுத்துக்காட்டுவது 2007-இல் மேரிலாந்தின் அபர்டீனில் அமெரிக்க இராணுவம் நடத்திய தூசிச் சோதனை. ஒவ்வொரு வகையிலும் 10 துப்பாக்கிகள், வகைக்கு 60,000 தோட்டாக்கள். எம்4 882 முறை நின்றது. பிஸ்டன் வகைகளான எச்கே 416 233 முறை, ஸ்கார் 226 முறை, எக்ஸ்எம்8 127 முறை. இந்த எண்களைப் பார்த்து எம்4-ஐக் கைவிட வேண்டும் என்று அன்று குரல் எழுந்தது. ஆனால் அதே ஆண்டு கோடையில் நடந்த முந்தைய சோதனையில் எம்4 நின்றது சுமார் 300 முறைதான். ஒரே ஆயுதத்துக்கு இவ்வளவு ஏற்ற இறக்கம் என்றால், மேகசின், எண்ணெய், உறுப்புகளின் தேய்மானம் ஆகியவற்றின் பங்கு பெரிது. அந்த 882-இல் 239 தடங்கல்களுக்கு மேகசினே காரணம் என்று கணக்கிட்டார்கள். பிஸ்டன் வகைகள் முன்னே நின்றன என்பது உண்மை. ஆனால் அந்தச் சோதனை குட்டைக் குழலையும் சைலன்சரையும் பற்றி எதுவும் சொல்லவில்லை.

களத்தில் எடுத்த முடிவுகள் எண்களை விடத் தெளிவாகப் பேசுகின்றன. நார்வே 2007-இல் எச்கே 416-ஐத் தன் பொது ரைபிளாக்கியது. பிரான்ஸ் 2016-இல் தன் பழைய ஃபமாஸ் ரைபிளை விட்டு அதைத் தேர்ந்தெடுத்து, 11 அங்குலக் குழலோடு ஒரு குட்டை வடிவத்தையும் வாங்கியது. மறுபக்கம், அமெரிக்கச் சிறப்புப் படைத் தலைமை 2010-இல் ஸ்கார் வகையின் 5.56 மிமீ பிஸ்டன் ரைபிளை வாங்குவதை நிறுத்தியது. கையிலிருக்கும் எம்4-ஐ விட அது தரும் மேன்மை, செலவுக்கு ஈடாகாது என்பது காரணம். பிரிட்டன் 2023-இல் தன் ரேஞ்சர் படைப்பிரிவுக்கும் கடற்படைக் கமாண்டோக்களுக்கும் தேர்ந்தெடுத்த கேஎஸ்-1, நைட்ஸ் நிறுவனத்தின் நேரடி வாயு ரைபிள். அதில் சைலன்சர் கூடவே வருகிறது. ஆனால் அதன் குழல் 13.7 அங்குலம். அந்த மூன்றரை அங்குல வேறுபாட்டில்தான் ரகசியம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. துளைக்கு அப்பால் குண்டுக்கு ஓட இடம் கொடுத்துவிட்டால், ஸ்டோனரின் குழாய்க்குச் சைலன்சரோடும் வாழ முடியும்.

இந்தியப் படைகளின் பொது ரைபிள்கள் நெடுங்காலம் ஸ்டோனரின் வழிக்கு வரவில்லை. திருச்சித் தொழிற்சாலையும் தயாரித்த இன்சாஸ் நீண்ட பிஸ்டன் வகை.  நம் சிறப்புப் படைகளின் எம்4 கார்பைன்கள் விலக்கு. தூசியும் ஈரமும் உப்புக்காற்றும் மாறிமாறி வரும் எல்லைகளுக்குப் பிஸ்டன் பொருத்தமே. ஆயினும் இந்தத் தேர்வுகள் பெரும்பாலும் முழுநீளக் குழலுக்கானவை.

இன்று குட்டைத் துப்பாக்கியில் பிஸ்டனைத் தேடுவோரின் காரணமும் மாறிவருகிறது. ஸ்டோனர் வடிவத்தில் பின்கட்டைக்குள் ஸ்பிரிங்கும் பஃபரும் இருப்பதால், கட்டையை மடித்தபடி சுட முடியாது. சிக் நிறுவனத்தின் பிஸ்டன் துப்பாக்கியான எம்சிஎக்ஸ் ஸ்பிரிங்குகளைக் கேரியருக்கு மேலேயே வைத்துப் பின்கட்டையை விடுவித்தது. அதன் ராட்லர் வடிவத்தின் குழல் 5.5 அங்குலம், தோட்டா .300 பிளாக்அவுட். குட்டைக் குழலுக்குள்ளேயே மருந்து எரிந்து முடியும்படி செய்த தோட்டா அது. பைக்குள் மடித்து வைத்து, எடுத்தவுடன் சுட வேண்டிய பாதுகாவலருக்குப் பிஸ்டன் தருவது மடிக்கும் வசதி. சுத்தம் அவருக்கு இரண்டாம் பட்சம். மறுபக்கம், வாயுவை அடைக்காமல் முன்னே ஓடவிடும் புதிய வகைச் சைலன்சர்கள் வந்து, நேரடி வாயு முறையின் மிகப்பெரிய பலவீனத்தைக் குறைத்துக்கொண்டிருக்கின்றன.

ஒரு படைப்பிரிவுக்காக நான் முடிவெடுக்க வேண்டியிருந்தால் முதலில் குழலின் நீளத்தைக் கேட்பேன், பிறகு சைலன்சரை. குழல் 11.5 அங்குலமோ அதற்கு மேலோ, சைலன்சர் எப்போதாவதுதான், கிடங்கில் எம்4 உதிரிகள் குவிந்திருக்கின்றன என்றால் நேரடி வாயு முறைதான். எடை குறைவு, விலை குறைவு, எந்தப் படைக்கலப் பணிமனையிலும் பாகம் கிடைக்கும். குழல் 10 அங்குலம், சைலன்சர் கழற்றப்படாது, தொடர்சுடுதல் வழக்கம், நீரோ மணலோ உண்டு என்றால் பிஸ்டன்தான். கூடுதல் விலையையும் முன்பக்க எடையையும் தயங்காமல் ஏற்பேன். அந்தப் படையிடம் ஏற்கெனவே மார்க் 18 இருக்கிறது, வேறு வாங்கப் பணமில்லை என்றால், ஒவ்வொரு துப்பாக்கிக்கும் சுட்ட தோட்டாக்களின் எண்ணிக்கையைப் பதியும் ஏடு ஒன்றைக் கட்டாயமாக்குவேன். விரிசல் விழும்வரை காத்திராமல் போல்ட்டையும், தளர்ந்துபோகுமுன் கொக்கி ஸ்பிரிங்கையும் மாற்றச் சொல்வேன். சுடப் போகுமுன் போல்ட்டில் எண்ணெய் பளபளக்கிறதா என்று ஒவ்வொருவரும் திறந்து பார்த்தாக வேண்டும்.